கேட்க ஒரு பிள்ளை இல்லாத வீடு

இஸ்ஃபஹானில் எங்கள் யூதத் தெருவில் கோஹரைப் போல ஹலேக் இடிக்க ஆள் கிடையாது. தெருவுக்கு மின்விளக்கு வராத காலம் அது. நானும் அவளும் ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தோம். பஸ்கா பண்டிகைக்கு முந்தின நாள் வாதுமை, பிஸ்தா, பேரீச்சை எல்லாவற்றையும் உரலில் போட்டு அவள் இடிக்க உட்கார்ந்தால் முற்றமே மணக்கும். எகிப்தில் அடிமையாய் இருந்து, பிறகு தப்பிக் கிளம்பி வந்த எங்கள் முன்னோர் செங்கல்லுக்கு மிதித்த சேற்றுக்கு அடையாளம் அந்த ஹலேக்.

"சேறு இவ்வளவு ருசியா இருந்திருந்தா எவடி கிளம்பி வந்திருப்பா?" என்பாள். வருஷா வருஷம் இதையேதான் சொல்வாள். நானும் சிரித்துவைப்பேன்.

அவள் புருஷன் மாஷல்லா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராய் நூலும் பொத்தானும் விற்பவன். நல்ல மனுஷன் என்பார்கள். அம்மா பேச்சைத் தட்டாதவனை அப்படித்தானே சொல்வார்கள்! அந்த அம்மா, சாரா பீபி, கூடவே இருந்தாள். குழந்தைதான் இல்லை.

மற்ற நாட்களில் அந்தக் குறை எப்படியோ மறைந்துபோகும். பஸ்கா விருந்தில் மறையாது. "இந்த ராத்திரி மட்டும் ஏன் மற்ற ராத்திரி போல இல்லை?" என்று வீட்டின் சின்னப் பிள்ளை கேட்க வேண்டும், அப்பா விடுதலைக் கதையைச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும், யாருமே இல்லாத தனியாள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் கோஹர் கேட்பாள், மாமியார் முகத்தைப் பார்க்காமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டு.

"ஒரு பிஞ்சு வாய் அதைக் கேட்டு நான் பாக்கணும் ராஹேல். வேற ஒண்ணும் வேணாம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

சாரா பீபி சும்மா இருப்பாளா? "பூக்காத மரத்துக்கு எத்தன காலம்டி தண்ணி ஊத்தறது?" என்று எங்கள் காதில் விழும்படியே கேட்பாள். முதல் மனைவி சம்மதித்தால் இன்னொருத்தியைக் கட்டிவைக்கலாம் என்றார் மதகுரு. கோஹர் சம்மதித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

"குறை எங்கிட்ட. அவரு ஏன் அனுபவிக்கணும்?" என்றாள். காஷானுக்குப் போய்ப் பெண் பார்த்ததும் அவளேதான்.

வந்தவள் பெயர் தூரான். வாய்த்துடுக்குக்காரி. முதல் பஸ்காவில் கோஹர் அவளைத் தட்டிக்கொடுத்து, "நீதான் சின்னவ, நீ கேளு. அடுத்த வருஷம் உன் புள்ள கேப்பான்" என்றாள். தூரான் சிரித்துக்கொண்டே கேட்டாள். அடுத்த வருஷமும் கேட்டாள். அப்புறம் வந்த வருஷங்களில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வருஷம் எங்கள் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்ததால் எங்கள் குடும்பமும் அவர்கள் குடும்பமும் ஒன்றாய் விருந்துக்கு உட்கார்ந்தோம். "தூரான், கேளு" என்றான் மாஷல்லா.

"மாட்டேன். தனியா இருக்கறவன் தன்னைத்தானே கேட்டுக்கலாமே. நீங்களே கேட்டுக்குங்க."

"ஐயோ, இவளும் மலடியா! எம்புள்ள தலையெழுத்து!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள் சாரா பீபி.

"ரெண்டு நிலமும் தரிசுன்னா, விதையைப் பாருங்க அத்தை!"

என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார். கோஹர் கையிலிருந்த புளிக்காத ரொட்டி அப்படியே நின்றது. அந்த நினைப்பு அதுவரை அவளுக்கு வந்ததே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

மாஷல்லா தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, பார்வோனுக்கு அடிமைகளாய் இருந்த கதையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பிறகு "அதுவே நமக்குப் போதும்" பாட்டு வந்தது. அந்தப் பாட்டுக்கு எங்கள் ஜனங்கள் வெங்காயத்தாளால் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வார்கள். எகிப்தியரின் சவுக்கை நினைத்துக்கொள்ளத்தான். யாரும் யாரையும் அடிக்கலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. கோஹர் புருஷனை அடித்தாள். எல்லோரும் சிரித்தோம். பாட்டு முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. தாள் நாராய்க் கிழிந்தது. இன்னொன்றை எடுத்தாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, தலை குனிந்தே இருந்தான். கடைசியில் அவளே ஓய்ந்தாள். எழுந்துபோய்ச் சோற்றைக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறினாள்.

வெயில் காலம் வருவதற்குள் சாரா பீபி ஹமதானில் இன்னொரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். மதகுரு மறுபடி சம்மதம் கேட்க வந்தார். தூரான் கதவைச் சாத்திக்கொண்டாள். கோஹர் சரி என்றாள்.

அன்றைக்கு முற்றத்துத் தொட்டியில் அவள் துணி அலசும்போது பிடித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? குறை யார்கிட்டன்னு இன்னுமா தெரியல?"

அவள் நிமிரவில்லை. "இவளுக்காவது பொறக்கணும்னு தினம் வேண்டிக்கறேன்."

"ஏண்டி?"

"பொறந்தா குறை எங்கிட்டதான்னு ஆயிடும். பொறக்கலேன்னா, இத்தன வருஷம் நான் பட்டதெல்லாம் எதுக்குடி ராஹேல்?"

துணியின் மறுமுனையைப் பிடித்துப் பிழியக் கொடுத்தேன்.

மூன்றாமவளுக்கும் பிறக்கவில்லை.