சத்தம் தெளியும் பக்கம்

நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் அப்பா உயிரோடுதான் இருக்கிறார், சந்தேகம் இருந்தால் அவரையே கேட்டுக்கொள்ளலாம். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்து போவீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. வயிறு முட்டச் சாப்பிட்டு எல்லோருக்கும் கண் சொருகுகிற நேரம்.

நான் டூரிஸ்ட் கைடு. ஒருநாள் பயண பஸ்ஸில் போகிறவன். காலையில் ஒரு கோட்டை, பிறகு ஒரு பழைய மதில், கடைசியாக மலை மேல் ஒரு மடாலயம். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். தொண்டை கிழியக் கத்துகிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. என் சட்டையில் ஒரு குட்டி மைக் இருக்கும். வருகிறவர்கள் காதில் இயர்போன், கழுத்தில் தொங்கும் சின்னப் பெட்டி. நான் முணுமுணுத்தாலும் அத்தனை பேருக்கும் கேட்கும், அவர்கள் பேசுவது எனக்குக் கேட்காது. கல்யாணமான பல பேர் இந்த வசதிக்காக என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியில் ஒரு சங்கதி உண்டு. என்னை விட்டு விலகிப் போனால் கரகரவென்று இரையும். பக்கத்தில் வர வரச் சத்தம் தெளியும். அதனால் பஸ் கிளம்பும்போதே சொல்லிவிடுவேன்.

"யாராவது வழி தவறிட்டா பதறாதீங்க. சத்தம் தெளியிற பக்கமா நடந்து வாங்க. அங்க நான் நிப்பேன்."

இப்போதெல்லாம் அதைச் சொல்வதில்லை.

அன்றைக்கு அப்பாவும் பஸ்ஸில் இருந்தார். அக்காவின் வேலை. டிக்கெட் எடுத்து, கையைப் பிடித்து இழுத்து வந்து, கடைசி ஸீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டாள். அப்பாவும் நானும் பேசி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. அக்கா வீட்டு விருந்தில், நாலு பேர் முன்னால், "உங்க பேச்சைக் கேட்டுத்தான் நான் குட்டிச்சுவராப் போனேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மன்னிப்புக் கேட்டால்தான் பேசுவேன் என்றார் அவர். பேசினால் கேட்கிறேன் என்றேன் நான். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்பா லேத் பட்டறையில் உழைத்துக் காது பாதி போனவர். இயர்போனை நான்தான் மாட்டிவிட்டேன், சத்தத்தை முழுசாகத் திருகி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டிரைவரே, இந்த கைடு தம்பி கிட்ட சொல்லுங்க. கேக்குதாம்னு."

எங்கள் டிரைவர் வாயே திறக்காத ஆள், அதனாலேயே அவருக்கு 'ஹாரன்' என்று பேர். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மடாலயத்தை அடைந்தபோது மணி மூன்று. அங்கே உள் முற்றத்தில் பேசக் கூடாது. துறவிகள் போட்ட சட்டம் அது. துறவிகள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, சட்டம் மட்டும் போகவில்லை. வாசல் வளைவிலேயே மைக்கை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். ஜனங்கள் அரை மணி நேரம் தம் போக்கில் சுற்றிப் பார்ப்பார்கள். சோம்பேறித்தனத்தில் இயர்போனைக் கழற்ற மாட்டார்கள்.

நான் ஒரு தூணடியில் உட்கார்ந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை. கீழே போகும்போது பேசிவிடலாமா? எப்படி ஆரம்பிப்பது? எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன்.

எல்லோரும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பேசும்போது நிற்பார்களே, அதே சாய்வு. ஒருவர் சிரித்தார். ஒரு அம்மா 'அப்படியா' என்பது போலத் தலையாட்டினார். பிறகு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி, வடக்குச் சுவரைப் பார்த்தார்கள்.

அந்தச் சுவரில் பார்க்க ஒன்றுமே இல்லை.

சட்டைப்பையில் கைவிட்டேன். மைக் அணைந்துதான் இருந்தது. விளக்கு எரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பேட்டரியையும் கழற்றினேன். அவர்கள் தலை நிமிரவில்லை...

முன் ஸீட்டில் வந்த டீச்சரம்மா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. சட்டத்தை மீறிக் கிசுகிசுத்தார்.

"அப்பா கிட்ட நல்லாக் கேட்டீங்க தம்பி. எங்களுக்கும் மனசு இளகிடுச்சு."

"என்ன கேட்டேன்?"

"மன்னிப்புதான். எல்லாருக்கும் கேட்டுச்சே."

"ஒரு நிமிஷம் குடுங்க" என்று அவர் பெட்டியை வாங்கி இயர்போனைக் காதில் வைத்தேன்.

கரகரப்பு. அதற்குள் ஒரு குரல்.

என் குரல்.

"...தலையைக் குனிஞ்சுக்கோங்கப்பா. இங்க வாசல் சின்னது. பயப்படாதீங்க, நான் முன்னாடிதான் போறேன்..."

முற்றத்தைச் சுற்றிப் பார்த்தேன். அப்பா இல்லை.

கத்திக்கொண்டு ஓடினேன். காவலாளி குறுக்கே வந்து வாயில் விரல் வைத்தார். அவரைத் தள்ளிவிட்டு ஓடினேன். எந்தப் பக்கம் போவது? சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் தினமும் பிறருக்குச் சொன்னதைத்தான் செய்தேன். இடது பக்கம் போனேன், இரைச்சல் கூடியது. வலது பக்கம் வந்தேன், குரல் தெளிந்தது. அந்தச் சனியனை வைத்தே அப்பாவைத் தேடினேன்.

வடக்குச் சுவரின் மூலை. ஒரு தூணுக்குப் பின்னால் இடுப்பளவுக் கதவு. எத்தனையோ வருஷமாக அந்த இடத்துக்கு ஆட்களைக் கூட்டி வருகிறேன். அது எப்போதும் பூட்டியிருக்கும்.

திறந்து கிடந்தது.

குனிந்து உள்ளே போனேன். சுவருக்குள்ளேயே ஒரு சந்து. தோள் ரெண்டு பக்கமும் உரசியது. ஈர வாடை. போனில் வெளிச்சம் போட்டேன். தரைப் புழுதியில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புத் தடம்.

"அப்பா!"

பதில் காதில் வந்தது.

"பின்னாடி யாரோ கூப்பிடறாங்க. அவன் பேச்சைக் கேக்காதீங்கப்பா. நான் இங்க இருக்கேன்."

இப்போது இரைச்சலே இல்லை. சுத்தமாகக் கேட்டது.

"இன்னும் கொஞ்சம்தான். வாங்கப்பா..."

ஓடினேன். முழங்கை சிராய்ந்தது.

"வாங்கப்பா..."

வெளிச்சத்தில் ஒரு முதுகு.

அசையவில்லை.

தோளைப் பிடித்தேன். சூடாக இருந்தது. அப்பா! ரெண்டு கையையும் சுவரில் ஊன்றி நின்றிருந்தார். இயர்போன் கழுத்தில் தொங்கியது. அவருக்கு முன்னால் என் வெளிச்சம் எதிலும் படவில்லை. வெறும் இருட்டு.

என் காதில் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

அவரை இடுப்போடு பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே வெளியே வந்தேன். காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றிருந்தார். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. பூட்டும் பூட்டியபடியே இருந்தது...

பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். பஸ் மலை இறங்கியது. பிறகு ரெண்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடமே பேசினார்.

"நீ கூப்பிட்டேன்னுதான் போனேன்டா. போகப் போகத் தெளிவாக் கேட்டுச்சு. அந்தச் சின்ன வாசல்ல நுழையறதுக்கு முன்னாடியே, நான் கேக்காமலே மன்னிச்சிடுங்கன்னே. சந்தோஷமா இருந்துச்சு. கொஞ்ச தூரம் அந்த சந்தோஷத்துலயே நடந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யோசிச்சேன். இவனாவது மன்னிப்புக் கேக்கறதாவது! காதுல இருந்ததைக் கழட்டினேன். மெஷின் சத்தம் மாறினா முதல்ல கையை எடுத்துடணும், இருந்த இடத்துலயே நிக்கணும். பட்டறையில அதான் பாடம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அதை ஏற்கெனவே என் குரலில் ஒன்று சொல்லி, அவரை எங்கே கூட்டிப் போனது? மறுபடி அதே வார்த்தையை அவர் காதில் எப்படிப் போடுவேன்?

நாலு மாசம் கழித்து மடாலயத்தில் மராமத்து வேலை நடந்தது. காவலாளி போனில் சொன்னார். சந்து போய் முடிகிற இடத்தில் தரை இல்லையாம். மூன்று ஆள் ஆழத்துக்குக் கிணறு மாதிரி ஒரு குழி. புழுதியில் அப்பாவின் தடம் நின்ற இடம் அதன் விளிம்பு. குழியின் அடியில் எலும்பு எதுவும் இல்லை, துணி எதுவும் இல்லை.

"பின்ன என்னதான் இருந்துச்சு?"

"உங்க ஆளுங்க காதுல மாட்டுவீங்களே, அதுதான். பழைய மாடல். துருப்பிடிச்சது. ஏழெட்டு கிடந்துச்சு தம்பி. எங்க பதிவுல யாருமே காணாமப் போகலை."

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக, அப்பா இப்போது தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். இனிமேலும் தள்ளிப்போட முடியாது. அப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சமையலறை வாசலில் நின்று சொல்லிவிட்டேன்.

"அப்பா... அன்னிக்குப் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் திரும்பவில்லை. நாற்காலியின் ரெண்டு கையையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முன்னாடி வா. வெளிச்சத்துல நில்லு."

போய் நின்றேன். என் முகத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நீதான்," என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும்தான். கொஞ்ச நேரம் என் கையை விடவே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப ஏன்டா காலையில முன்னாடி வர மாட்டேன்னுட்டே? அதே வாசல்ல நின்னுக்கிட்டு, எந்திரிச்சு வாங்கப்பா, வாங்கப்பான்னு ரொம்ப நேரம் கூப்பிட்டியே..."

காலையில் நான் பஸ் ஆட்களோடு கோட்டையில் இருந்தேன்.