அவர் தாமே கழுவிய சாரன்

எங்கள் ஊரில் கலியாணம் முடித்த ஆண், பெண்வீட்டில்தான் வந்து குடியிருப்பார். அங்கே மாப்பிள்ளை இடுப்பில் உடுத்த சாரனைத் தானே கழுவினால் மாமிக்கு வெட்கக்கேடு. என் கணவர் ஒரு விடியற்காலை கிணற்றடியில் சாரன் கழுவியதைக் கண்டு உம்மா பதறிப்போனார். பிறகு தானாகவே சமாதானமும் ஆகிவிட்டார்.

"ஒனக்கு வயித்துல புள்ள. பாவமெண்டு கழுவுறார். நல்ல மனுசன்."

எனக்கு அப்படிப் படவில்லை. பயம்தான் பிடித்துக்கொண்டது. மருதமுனைத் தறிச் சாரன்களை மூட்டை கட்டி மலைநாட்டுப் பக்கம் விற்கப் போன மனிதர், திரும்பி வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வந்த அன்று என்னோடு வழமைபோலத்தான் படுத்தார். அதன் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. சலம் கழிக்கப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது வேலிக்கு இப்பால் கேட்டது. என்னவென்று கேட்டால் "சூடு" என்பார். இளநீரும் வெந்தயத் தண்ணீருமாகக் குடித்துத் தள்ளினார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கும் போகவில்லை. உடுப்பில் அசுத்தம் பட்டபடி இருந்தால் எப்படித் தொழுவது?

கொடியில் காய்ந்த சாரனை எடுத்துப் பார்த்தேன். கழுவத் தெரியாமல் கழுவியிருந்தார். முன்பக்கம் மஞ்சளாய்ச் சீழ்க்கறை, தொட்டால் மொரமொரப்பாக இருந்தது. போன இடத்தில் எவளிடமிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த வெட்டை நோய்தான்.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குப் பிறந்த சில நாளில் இரண்டு கண்ணும் வீங்கிச் சீழ் வடிந்து பார்வை போயிருந்தது. தகப்பனின் வெட்டை தாய்க்குத் தொற்றி, பிறக்கும்போது பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தார். அதை நினைத்ததும் என் கை வயிற்றுக்குப் போனது.

சாரனை அவர் முன்னால் போட்டேன். அழுதார். "இப்ப சீழ் குறைஞ்சிட்டு. இளநி குடிச்சதுக்குக் கேட்டிட்டு புள்ள" என்றார்.

"சீழ் குறைஞ்சா இந்த வருத்தம் மாறிட்டெண்டா அர்த்தம்? டொக்டர்ட்டப் போங்க."

கல்முனை ஆஸ்பத்திரியில் தெரிந்த முகங்கள் இருக்குமென்று பயந்து மட்டக்களப்புக்குப் போனார். சீழை எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பரிசோதித்துப் பென்சிலின் ஊசி போட்டார்களாம். சில நாளில் எரிவும் நின்றது, சீழும் நின்றது. மனிதர் சிரிக்கவும் தொடங்கிவிட்டார்.

"என்னப் பத்தி டொக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "கலியாணம் முடிக்கல்லெண்டு சொல்லிட்டன்."

தன் மானத்தைக் காப்பாற்ற என்னையும் பிள்ளையையும் ஒரே பேச்சில் இல்லாமலாக்கிவிட்டார்! மறுநாள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

டொக்டர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "இவ ஆரு?" என்று கேட்டார்.

"நான் இவர்ர பொஞ்சாதி" என்றேன்.

டொக்டர் அவரை ஏசிக் கிழித்துவிட்டார். பெண்ணுக்கு இந்த நோய் வெளியே ஒன்றும் காட்டாமலே உள்ளே இருக்குமாம். அவருக்கு மாறிக் குணமானாலும் என்னிடமிருந்து திரும்பத் தொற்றுமாம். இரண்டு பேருக்கும் மாறிவிட்டதென்று பரிசோதித்துச் சொல்லும்வரை சேரக் கூடாது, பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில்தான் என்று கண்டிப்பாகச் சொன்னார். எனக்கும் ஊசி போட்டார்கள். உம்மாவிடம் இரத்தக்குறைவுக்கு ஊசி என்று சொல்லிவைத்தோம்.

மாறிவிட்டதென்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் பயம் விடவில்லை. வயிற்றில் பிள்ளை புரளும்போதெல்லாம் அந்தத் தெருப் பிள்ளையின் ஒட்டிப்போன இமைகள்தான் என் நினைவில் வரும். யாரிடம் சொல்லி அழுவது?

மகள் பிறந்ததும் நர்ஸ் அவள் கண்களில் மருந்துத் துளி விட்டார். வார்டுக்கு வந்த அவர், ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

"கண்ணு?" என்றார்.

"ஒரு கிழமை போகட்டும். அதுக்குப் பிறகு கேளுங்க."

அந்தக் கிழமை முழுக்க அவர் வந்து தொட்டிலருகே குந்தியிருந்தார். மகள் கண் திறக்கும் ஒவ்வொரு முறையும் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நான் அவரோடு சேர்ந்து சொல்லவில்லை. அவர் போன பிறகு தனியாகச் சொல்லிக்கொண்டேன்.