அப்பாவுக்குக் குளிருதாம்

லண்டனில் தோர்ண்டன் ஹீத் பக்கம் கத்தோலிக்கக் கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களிடம் செபஸ்தியாம்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், அமைதியான மனுசன், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது என்று சொல்வார்கள். சொல்கிறவர்களில் ஒருவர்கூட அவரை வார்டோவில் பார்த்ததில்லை.

வார்டோ நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கிற ஒரு மீன்பிடித் தீவு. மாரியில் இரண்டு மாதம் சூரியனே எட்டிப் பார்க்காது. யாழ்ப்பாணத்திலிருந்து எண்பத்தாறில் தப்பி வந்த செபஸ்தியாம்பிள்ளை அங்கேதான் ஒரு மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்தார். ஆறாம் வருடம் முப்பது பேருக்கு மேற்பார்வையாளர். அந்த முப்பது பேரையும் நொஸ்க்கில் ஏசுவார், நொஸ்க்கிலேயே சிரிக்க வைப்பார். நோர்வே பாசையை அங்கே இருக்கிறவர்கள் நொஸ்க் என்றுதான் சொல்வார்கள். அவர் பகிடி விடத் தொடங்கினால் மீன் வெட்டுகிற மேசை நின்றுவிடும் என்று முதலாளியே முறைப்பட்டிருக்கிறார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் தலைக்கு மேலே துருவ ஒளி பச்சையாக ஆடிக்கொண்டிருக்கும். இடுப்பு முறிந்து வருகிறவனுக்கு அண்ணாந்து பார்க்க எங்கே மனம் வரும்? கட்டில்தான் கண்ணில் நிற்கும்.

மகன் றூபன் அங்கே பிறந்தான். தாய் மேரிசாந்தியும் அதே தொழிற்சாலையில் வேலை என்பதால், ஒன்றரை வயதிலேயே பிள்ளையைப் பகல் பராமரிப்பில் விட்டார்கள். அவன் வாயைத் திறந்தபோது நொஸ்க்தான் வந்தது. தகப்பனும் அதிலேயே பதில் சொன்னார். இரண்டு பேரும் வாய் ஓயாமல் கதைத்தபடி பனிக்குள் நடந்து போவதை ஊரே பார்த்திருக்கிறது.

அப்படி நன்றாக இருந்த மனுசனுக்குத்தான் தொண்ணூற்றொன்பதில் இங்கிலிஸ் பைத்தியம் பிடித்தது. நாலரை மில்லியன் சனம் கதைக்கிற பாசையை வைத்துக்கொண்டு பிள்ளை உலகத்தில் எங்கே போய் நிற்பான் என்று கேட்டார். நம்முடைய ஆட்களுக்கு ஆங்கிலப் படிப்பு என்றால் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. வேலை, வீடு, மரியாதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆறு வயதுப் பிள்ளையோடு லண்டனுக்கு வந்து இறங்கினார்கள்.

வந்த மாதமே ஒரு பூசை முடிந்து, கோயில் வாசலில் பிள்ளை தாயிடம் நொஸ்க்கில் தண்ணீர் கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, ஆனால் செபஸ்தியாம்பிள்ளைக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்று பின்னேரம் வீட்டில் சட்டம் போட்டார். இனி நொஸ்க் ஒரு சொல்லும் கூடாது. கதைத்தால் அடிப்பதில்லை, ஏசுவதுமில்லை. தாயும் தகப்பனும் காது கேளாதவர்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேரிசாந்தி மாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் பிடித்த பிடியை விடவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு நாள் றூபன் பள்ளிக்கூடத்தால் வந்தான். கோட்டின் பொக்கற் கிழிந்து தொங்கியது. செபஸ்தியாம்பிள்ளை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை அவருக்கு முன்னால் வந்து நின்று ஒரே மூச்சில் நொஸ்க்கில் சொன்னான். தான் வாயைத் திறந்தால் எல்லாரும் சிரிக்கிறார்களாம், கோட்டைப் பிடித்து இழுத்தார்களாம், இனி அங்கே போக மாட்டானாம், வீட்டுக்குப் போவோமாம். வீடு என்று அவன் சொன்னது வார்டோவை. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

"எனக்கு விளங்கேல்லை. தமிழில சொல்லு, இல்லாட்டி இங்கிலிசில சொல்லு" என்றார்.

பிள்ளை திரும்பவும் முதலிலிருந்து நொஸ்க்கில் தொடங்கினான். அவரும் அதையே திரும்பச் சொன்னார். மூன்றாம் முறை அவன் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டான். குசினியில் பைப்பைப் பூட்டிவிட்டு நின்ற மேரிசாந்தி எல்லாவற்றையும் கேட்டாள். அவள் வெளியே வர, அவர் கையை உயர்த்தித் தடுத்தார். பொக்கற்றை அவள் அன்றைக்கே தைத்துக் கொடுத்தாள். பிள்ளை அதன் பிறகு தகப்பனிடம் எதையும் ஒரே மூச்சில் சொன்னதில்லை.

சட்டம் நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வருடத்தில் நொஸ்க் துடைத்து எடுத்த மாதிரிப் போய்விட்டது. றூபன் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் வேலை எடுத்து, தாரகாவை ஆங்கிலத்தில் காதலித்துக் கட்டினான். செபஸ்தியாம்பிள்ளை ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கடதாசித் தொப்பி போட்டு மீன் விற்றார். அவருடைய ஆங்கிலம் மீன் நிறுக்கிற அளவுக்குத்தான் வளர்ந்தது. மகனுடைய தமிழ் சாப்பாட்டு மேசையைத் தாண்டவில்லை. சாப்பிட்டியா, ஓம். சுகமோ, ஓம். இருபத்தாறு வருடமாகத் தகப்பனும் மகனும் இவ்வளவைத்தான் கதைத்தார்கள்.

ஆகவே, பென்சன் எடுத்ததற்குப் பரிசாக நோர்வேயின் வடக்கிலிருக்கிற துரொம்ஸோவுக்கு ஒரு பயணம் போட்டிருக்கிறேன் என்று றூபன் வந்து சொன்னபோது, மனுசன் பட்ட சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்குப் பனியும் வேண்டாம், துருவ ஒளியும் வேண்டாம். அந்த மண்ணில் கால் வைத்து, அந்தப் பாசை காதில் விழுந்தால் பிள்ளைக்கு ஏதாவது திரும்பி வராதா என்பதுதான் அவருக்குள் இருந்த ஒரே ஆசை. வந்தால் பழையபடி கதைக்கலாம். மேரிசாந்தி வர மறுத்துவிட்டாள். அந்த இருட்டைப் பார்த்தது தனக்கு ஏழு பிறப்புக்குப் போதும் என்றாள்.

பெப்ரவரிப் பள்ளிக்கூட விடுமுறையில் றூபனும் தாரகாவும் ஐந்து வயதுப் பேத்தியும் அவரும் போனார்கள். இரண்டாம் நாள் பின்னேரம்தான் அந்தச் சுற்றுலா. துறைமுகத்தில் பஸ் ஏற்றி, ஊருக்கு வெளியே ஒரு ஸாமிக் குடும்பத்தின் பனிமான் பட்டிக்குக் கூட்டிப் போவார்கள். ஸாமிகள் அந்த வடக்கின் ஆதிக்குடிகள். மானுக்குத் தீனி, சறுக்குவண்டியில் ஒரு சுற்று, கூடாரத்தில் சாப்பாடு, பாட்டு, கதை. கடைசியில் வானம் மனம் வைத்தால் வெளிச்சம்.

வழிகாட்டியின் பெயர் மாத்தே. ஐம்பது வயதிருக்கும், சிவப்புக் கரை வைத்த நீல அங்கி. குளிருடுப்புக் கொடுக்கும்போது, இது சின்னது, பெரியது தா என்று செபஸ்தியாம்பிள்ளை நொஸ்க்கில் கேட்டார். மாத்தே திகைத்துப்போய்ப் பார்த்துவிட்டு, நீங்கள் வார்டோக்காரர்கள் மாதிரியல்லவா கதைக்கிறீர்கள் என்று சிரித்தான். அதோடு அணை உடைந்தது. கொட் மீன் விலை, பனிப்புயல், கள்ளச் சாராயம் காய்ச்சிய பாதிரியார் என்று மனுசன் அளந்து தள்ள, மாத்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மாமா, நீங்க இவ்வளவு கதைப்பீங்களா?" என்று கேட்ட தாரகா போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

சறுக்குவண்டியில் தகப்பனும் மகனும் ஒரே மான்தோலின் கீழ் இருந்தார்கள். முன்னால் மானின் குளம்புச் சத்தம் மட்டும். செபஸ்தியாம்பிள்ளை மெதுவாக, தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்து விடு, பின்னேரம் வந்து கூட்டிப் போறன் என்று நொஸ்க்கில் சொன்னார். பராமரிப்பு வாசலில் தினமும் காலையில் அவனுக்குச் சொன்னது அது.

"என்னப்பா?" என்றான் றூபன்.

"ஒண்டுமில்லை" என்றார். துரொம்ஸோவுக்கு வந்தது இதற்குத்தானா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

கூடாரத்தில் நடுவே நெருப்பு எரிந்தது. மான் இறைச்சியும் கிழங்கும் போட்டு அவித்த சூப்பைக் கொடுத்தார்கள். மாத்தே யொய்க் என்கிற அவர்களுடைய பாட்டை ஒன்று பாடினான். தன் தகப்பனின் தகப்பனுடைய பாட்டு என்றும், அதைப் பிற ஆட்களிடம் போய்த்தான் படித்தேன் என்றும் ஆங்கிலத்திலும் இடையிடையே செபஸ்தியாம்பிள்ளைக்காக நொஸ்க்கிலும் சொன்னான். அவனுடைய தகப்பனுக்கும் தாய்க்கும் ஸாமிப் பாசை தண்ணீர்பட்ட பாடாம். பள்ளிக்கூடத்தில் அதைக் கதைத்து அவர்கள் பட்ட அவமானத்தில், பிள்ளைகளாவது நன்றாக இருக்கட்டும் என்று, வீட்டில் ஒரு சொல்லும் கதைக்காமல் விட்டார்களாம். முப்பது வயதில் மாலை வகுப்புக்குப் போய்த் தாய்மொழி படித்தானாம். அவன் படித்து முடிக்க முன்னமே தகப்பன் செத்துப்போனாராம்.

றூபனுடைய கண் கலங்கிவிட்டது. அவன் தகப்பன் பக்கம் திரும்பி, பெற்ற பிள்ளைக்கு ஒரு தகப்பன் எப்படி இப்படிச் செய்வான் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மனதாரத்தான் கேட்டான். தன்னைப் பற்றியே கேட்கிறேன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ஆறு வயதோடு எல்லாவற்றையும் துடைத்து விட்டாயிற்றே.

செபஸ்தியாம்பிள்ளை நெருப்பைப் பார்த்தபடி நொஸ்க்கில் சொன்னார்: "உன்ர கோட் கிழிஞ்சு வந்த அண்டைக்கு நீ சொன்னது எல்லாம் எனக்கு விளங்கினது. வீட்டுக்குப் போவம் எண்டு கேட்டனி. விளங்காத மாதிரி இருந்தன்."

"அப்பா என்ன சொன்னவர்?" என்று றூபன் மாத்தேயிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

மாத்தே கிழவரைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையை இம்மியளவு ஆட்டினார். உங்கள் அப்பாவுக்குக் குளிருதாம் என்றான் மாத்தே.

றூபன் உடனே எழுந்து போய் இன்னொரு மான்தோலைக் கொண்டுவந்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு பக்கமும் கவனமாகச் செருகி விட்டான். அந்த அக்கறைதான் அவரைக் கொன்றது. வெளியே யாரோ கூப்பிட, எல்லாரும் ஓடினார்கள். வானம் முழுக்கப் பச்சை. பேத்தி துள்ளினாள். பதின்மூன்று வருடம் அதன் கீழே வேலைக்குப் போய் வந்த மனுசன் இந்த முறை அண்ணாந்து பார்த்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லாரும் தோர்ண்டன் ஹீத் வீட்டில் சாப்பிட வந்தார்கள். தாரகா எடுத்த வீடியோக்களை றூபன் ரீவியில் போட்டான். மேரிசாந்தி ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியோடு வந்தவள் கதவடியில் நின்று பார்த்தாள். மான், வண்டி, கூடாரம், நெருப்பு. பிறகு அவளுடைய புருசனின் குரல்.

"அம்மா, இதைக் கேளுங்கோ. இவ்வளவு நீளமாச் சொல்லிப்போட்டு, குளிருதெண்டு சொன்னவராம். உண்மையா?"

அவள் திரும்பப் போடச் சொன்னாள். றூபன் போட்டான். செபஸ்தியாம்பிள்ளை தன் சோற்றுக் கோப்பையைவிட்டுத் தலை நிமிர்த்தவில்லை. அவள் நினைத்திருந்தால் இருபத்தாறு வருடக் கணக்கை அந்த இடத்திலேயே தீர்த்திருக்கலாம்.

"ஓம், குளிருதாம்" என்றாள் மேரிசாந்தி. "உங்கட அப்பாவுக்கு அந்த நாளிலயே குளிர் தாங்காது."

றூபன் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவைத் தட்டினான். அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். அவளும் பின்னால் வந்து கதவைச் சாத்தினாள்.

"பிள்ளை கேட்கேக்க சொல்லியிருக்கலாமே."

"எந்தப் பாசையில சொல்லுறது?" என்றார் அவர்.

"அந்தளவு தமிழ் அவனுக்கு விளங்கும். பாசையில பிழை சொல்லாதேங்கோ. விளங்காதவனிட்டச் சொல்லத்தான் உங்களுக்கு வாய் வருது."

கோப்பையில் போட்ட சோறு போட்டபடியே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து றூபன் தமிழில் குரல் கொடுத்தான்.

"அப்பா, சாப்பிட்டீங்களா?"

"ஓம்" என்றார்.