இடம் வலம் மாறிய போர்டு

1. நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு புதன்கிழமை காலை, அம்மா மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.
2. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்வீட்டு ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீர் இறங்கியது.
3. அங்கே ஓனர் ஆன்ட்டியின் தசரா பொம்மைகள் அட்டைப் பெட்டியில் இருந்தன. ராஜா நனைந்தார். ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை.
4. இன்னொரு முறை இப்படி நடந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.
5. தொட்டி நிரம்பினால் கத்துகிற ஒரு சர்க்யூட் போர்டை நான் வீட்டிலேயே செய்தேன்.
6. அது இடம் வலம் மாறி வந்தது.
7. ஆனாலும் கத்தியது.

நடந்தது இவ்வளவுதான். அக்காவிடம் கேட்டால் ஆறாவதை மட்டும் அரை மணி நேரம் சொல்வாள். மற்றவை அவளுக்கு நினைவிருக்காது. அதனால் நானே எழுதிவைப்பது நல்லது.

மைசூரில் நாங்கள் இருந்தது வாடகைக்கு எடுத்த மாடி வீடு. கீழே ஓனர் ஆன்ட்டி. கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஒன்பது மணிவாக்கில் வரும். கீழே இருந்த சம்ப் சின்னது. அதில் விழும் தண்ணீரை உடனுக்குடன் மோட்டார் போட்டு மேலே ஏற்றினால்தான் இரண்டு வீட்டுக்கும் போதுமான அளவு கிடைக்கும். மோட்டார் சுவிட்ச் எங்கள் சமையலறை வாசலில் இருந்ததால் அந்த வேலை எங்களுடையதாயிற்று. அப்பா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தார், ஏழரைக்கே கிளம்பிவிடுவார். அக்காவும் நானும் எட்டரைக்குப் போய்விடுவோம். மீதி இருந்தது அம்மா. அவள் தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கத்திலிருந்து நர்ஸ் படிப்பு படிக்க வந்து, மைசூரிலேயே தங்கிவிட்டவள். அந்த வருஷம் முழுக்க அவளுக்கு நைட் டியூட்டி. இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து, தொட்டி நிரம்பும்வரை நாற்காலியில் விழித்திருக்க வேண்டும்.

போனில் அலாரம் வைத்துப் பார்த்தோம். கரண்டின் வோல்டேஜ் சரியாக இருந்தால் தொட்டி இருபது நிமிடத்தில் நிரம்பும், இல்லையென்றால் ஐம்பது. அலாரத்துக்கு அது தெரியாது.

ராஜா பொம்மையின் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். இங்கே கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் மரத்தில் செய்த ராஜா ராணி ஜோடியைக் கொடுத்து அனுப்புவார்கள். தசராவுக்குத் தசரா படி கட்டி, முதலில் அந்த ஜோடியைத்தான் மேல் படியில் வைப்பார்கள். ஆன்ட்டியின் ராஜா முப்பது வருஷமாக அங்கே நின்றவர். பெட்டியிலிருந்து எடுத்தபோது மூக்கிலும் மீசையிலும் பெயின்ட் உரிந்திருந்தது. ஆன்ட்டி கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அவர் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு நிதானமாகக் கன்னடத்தில் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

அப்பா வேறு வீடு பார்த்துவிடலாம் என்றார். அவருக்குத் தெரிந்த இடம் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்த வீட்டிலிருந்து அம்மாவின் ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. அங்கிருந்து என்றால் இரண்டு பஸ். அம்மா தன் யூனிபாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நான் குறுக்கே பேசினேன். ஒரு மாதத் தசரா லீவு தொடங்கியிருந்தது. தொட்டி நிரம்பினால் கத்துகிற மாதிரி ஒன்று செய்ய முடியும், அக்காவின் கம்ப்யூட்டரில் பார்த்து வைத்திருக்கிறேன், சாமான்கள் பட்டியல் தயார் என்றேன். பட்டியல் நிஜமாகவே தயாராக இருந்தது. பதினாலு உருப்படிகள்.

அப்பா பட்டியலைப் படித்துவிட்டு, சாமான் ஒரே ஒரு தடவைதான் வாங்கித்தருவதாகவும், சரியாக வரவில்லையென்றால் விஜயதசமி கழிந்து வீடு பார்க்கக் கிளம்புவதாகவும் சொன்னார். தேவராஜ அர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக் கடையில் எல்லாம் கிடைத்தன: ஒரு பக்கம் செம்புத் தகடு ஒட்டிய, உள்ளங்கை அளவுப் பலகை, அந்தச் செம்பை அரிக்கும் மருந்து, பதினாறு கால்கள் கொண்ட ஒரு ஐ.சி. சிப்; மூன்று பச்சையும் ஒரு சிவப்புமாக நாலு குட்டி விளக்குகள்; ஒரு பஸர். சால்டரிங் அயர்ன் வீட்டிலேயே இருந்தது. அப்பா எப்போதோ ரேடியோ ரிப்பேர் செய்ய வாங்கி, ஒரு ரேடியோவையும் ரிப்பேர் செய்யாமல் வைத்திருந்தது.

வேலை இப்படி நடக்கும். செம்பில் எந்தெந்தக் கோடுகள் மிஞ்ச வேண்டுமோ அவற்றைக் கம்ப்யூட்டரில் வரைந்து, வழவழப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுக்க வேண்டும். தாளைச் செம்பின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். மருந்தில் போட்டால் மை இல்லாத இடத்துச் செம்பெல்லாம் கரைந்துபோய், மைக்கு அடியில் இருப்பது மட்டும் கோடாக மிஞ்சும். தாளைக் கவிழ்த்து ஒட்டுவதால், தாளில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல மாறியிருந்தால்தான் பலகையில் நேராக விழும். இதை நான் என் செய்முறைப் பட்டியலில் நாலாவதாக எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். படத்தின் ஓரத்தில் இங்கிலீஷில் TANK என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தேன். அதுவும் மாறித்தான் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்கார அங்கிள் கல்யாணப் பத்திரிகையும் ஸ்கூல் ஐ.டி. கார்டும் அடித்துக் கைதேர்ந்தவர். பெண்ணின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் கேட்காமலே திருத்திக்கொடுப்பார். என் படத்தைத் திறந்து பார்த்தார், தலையை ஆட்டினார், எதையோ இரண்டு முறை அழுத்தினார், தாளை நீட்டினார். நன்றாகத் தெளிவாக வந்திருந்தது. TANK என்பதை அழகாகப் படிக்க முடிந்தது. அழகாகப் படிக்க முடிகிறதே என்று யோசிக்க வேண்டிய நான், சந்தோஷமாக வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஆயுத பூஜை அன்று இஸ்திரி போட்டேன். ஆன்ட்டி கீழே ஸ்கூட்டருக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். தாளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தபோது கோடுகள் அத்தனையும் செம்பில் கறுப்பாக ஒட்டியிருந்தன. இஸ்திரிப் பெட்டியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது மறுநாள் அம்மாவின் வெள்ளை யூனிபாரத்தில் இறங்கியது.

"இதென்ன கண்ணு, என் முதுகுல பஸ் ரூட்டு போட்டு வெச்சிருக்கே?" என்று மட்டும் கேட்டாள்.

பலகையை ஐஸ்கிரீம் டப்பாவில் மருந்து ஊற்றி அதில் போட்டு, முக்கால் மணி நேரம் பாத்ரூமில் குந்தி ஆட்டிக்கொண்டே இருந்தேன். செம்பு ஓரத்திலிருந்து மெதுவாக மறைவதைப் பார்த்திருக்கிறவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். கழுவி, மையைத் துடைத்தெடுத்தேன். மயிரிழைக் கோடுகள்கூட அறுபடாமல் பளபளவென்று மின்னின. அக்காவிடம் ஓடினேன். அவள் பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள், எதையும் ஒரு பார்வையில் மட்டம் தட்டும் வயசு. பலகையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது, ஆம்புலன்ஸ் முன்னாடி எழுதற மாதிரி எழுதியிருக்கே?"

"சும்னிரு" என்று கன்னடத்திலேயே அவளை அடக்கிவிட்டுப் பிடுங்கிப் பார்த்தேன். பலகையில் TANK இடம் வலம் மாறி இருந்தது. எழுத்து மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. எல்லாமே மாறியிருந்தது. ஐ.சி.யின் முதல் கால் போக வேண்டிய இடத்தில் பதினாறாவது கால் போகும். ஜெராக்ஸ் அங்கிள் என் எழுத்து தப்பாக இருக்கிறது என்று நினைத்து, நல்ல மனசோடு திருத்திக்கொடுத்திருக்கிறார்.

வேறு பலகை கிடையாது. அப்பா சொன்ன ஒரு தடவை முடிந்துவிட்டது. அழவில்லை என்று எழுத ஆசைதான், அழுதேன்.

மறுநாள் விஜயதசமி. கீழ்வீட்டு டி.வி.யில் ஜம்பு சவாரியின் பேண்டு வாத்தியம் கேட்டது. யானை அம்பாரியைச் சுமந்து வருவதை ஊரே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் பீரோக் கண்ணாடியின் முன்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் எழுத்து கண்ணாடியில் சரியாகத் தெரியும் அல்லவா? தெரிந்தது. TANK. எல்லாக் கோடும் சரியான இடத்தில். கண்ணாடிக்குள் இருக்கிற பலகைக்கு ஐ.சி. பொருந்தும், என் கையில் இருக்கிறதற்குப் பொருந்தாது. பலகையைப் பின்பக்கம் திருப்பினேன். முன்பக்கம் திருப்பினேன். ஐ.சி.யை எப்போதும் செம்பு இல்லாத பக்கத்தில் உட்காரவைத்து, கால்களை ஓட்டை வழியாக நுழைத்து, மறுபக்கம் செம்பில் பற்றவைப்பார்கள். எல்லா வீடியோவிலும் அப்படித்தான். ஆனால் ஐ.சி.யையே செம்புப் பக்கம் கொண்டுவந்து உட்காரவைத்தால்?

வைத்துப் பார்த்தேன். முதல் காலுக்கு நேரே முதல் கோடு. பதினாறுக்கு நேரே பதினாறு. ஒவ்வொரு காலாக விரல் வைத்து எண்ணினேன், பிறகு பின்னாலிருந்து எண்ணினேன். ஓட்டைகூட வேண்டாம், கால்களை வெளிப்பக்கமாக மடக்கி, கோட்டின்மேலேயே பற்றவைத்துவிடலாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே பற்றவைத்தேன். ஐ.சி. காலைப் பரப்பிப் படுத்த பல்லி மாதிரி இருந்தது. இன்றுவரை நான் செய்த எதுவும் எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

அடுத்த தண்ணீர் நாளுக்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் குழாயில் நாலு உயரங்களில் துருப்பிடிக்காத ஸ்குரு பொருத்தித் தொட்டிக்குள் இறக்கினோம். தண்ணீர் ஏறி ஒவ்வொரு ஸ்குருவைத் தொடும்போதும் ஒரு விளக்கு எரியும். வயரை வென்டிலேட்டர் வழியாகச் சமையலறைக்குக் கொண்டுவந்தார் அப்பா. காலை ஒன்பதேகாலுக்கு மோட்டாரைப் போட்டேன். அக்கா மொட்டை மாடியில் தொட்டி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா டியூட்டி முடிந்து வந்து, உடை மாற்றாமல் அடுப்பருகே நின்றாள்.

முதல் பச்சை எரிந்தது. கால் தொட்டி என்று மேலிருந்து அக்கா சொன்னாள். இரண்டாவது. மூன்றாவது. பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் கை தானாகச் சுவிட்ச் பக்கம் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

சிவப்பு எரிந்தது. பஸர் கத்தியது. தெருநாய் குரைக்கத் தொடங்கும் அளவுக்குக் கத்தியது.

"நிறுத்துடி, ரெண்டு விரல்தான் பாக்கி" என்று மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

சத்தம் கேட்டு ஓனர் ஆன்ட்டி படியேறி வந்தார். நேராக மொட்டை மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தார், அதன் அடியில் தரையைத் தடவிப் பார்த்தார், விரல் ஈரமாகவில்லை. இறங்கிவந்து, பல்லி மாதிரி படுத்திருந்த ஐ.சி.யையும் குனிந்து பார்த்தார்.

"பர்வாகில்லம்மா, ஹுடுகி கெலச மாடிதாளே" என்றார் அம்மாவிடம். பரவாயில்லை, பெண் வேலையைச் செய்துவிட்டாள் என்று அர்த்தம். கீழ்வீட்டிலும் கேட்கிற மாதிரி இன்னொரு பஸர் வைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். பட்டியல் கொடுத்தேன். அப்பா அன்றே ரிங் ரோடு வீட்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா மட்டும் ஒரு மாதத்துக்கு என்னை ஆம்புலன்ஸ் என்று கூப்பிட்டாள்; நான் அதற்கும் பதில் சொன்னேன், அவ்வளவு பெருமை.

என் பெருமைக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அடுத்த தண்ணீர் நாளில், அம்மா டியூட்டி முடிந்து வந்ததும் நாற்காலியை இழுத்துச் சுவிட்சுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். தூங்கும்மா, அது கத்தும் என்றேன். கத்தட்டும் கண்ணு என்று சொல்லிவிட்டு, பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பஸர் கத்தியது, நிறுத்தினாள், படுக்கப் போனாள். அடுத்த முறையும் அப்படியே. ஐந்து தண்ணீர் நாள் நான் எண்ணினேன். ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள், இவள் நம்பவில்லையே என்று, நாலாவது நாள் அவளிடம் பேசக்கூட இல்லை.

ஆறாவது முறை, மோட்டாரைப் போட்டுவிட்டு, நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் குறட்டை வந்தது. வீட்டில் விழித்திருந்தது நானும் அந்தப் போர்டும் மட்டும்தான். விளையாடப் போகலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றிவிட்டு, அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இரண்டாவது பச்சைக்கும் மூன்றாவதற்கும் நடுவே இரண்டு தடவை மொட்டை மாடிக்கு ஓடி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். அது கத்தாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அதற்குமுன் ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை.

கத்தியது. அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்து, சுவிட்சை அணைத்தாள்.

"நீ ஏண்டி இங்க உக்காந்திருக்கே?"

"சும்மாம்மா."

அவள் சிரித்தாள். ஐந்து நாள் அவள்மேல் கோபமாக இருந்தவள் ஆறாம் நாள் அவள் இடத்தில் ஏன் உட்கார்ந்தேன் என்று எனக்கே அன்றைக்குத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பு எதற்கென்பதும் தெரியவில்லை. வென்றுவிட்டோம் என்பது மட்டும் தெரிந்தது.

இப்போது எனக்கு இருபத்துநாலு வயசு. மைசூர் ஓரத்து ஹூட்டகள்ளியில் ஒரு கம்பெனியில், மதிய ஷிஃப்டில், வெளியே போகும் போர்டுகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை. அதே மாடி வீட்டில்தான் இருக்கிறோம். அம்மாவுக்குப் பகல் டியூட்டி. போர்டு அதேதான், பஸர் மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது. தண்ணீர் நாளில் மோட்டாரை நான்தான் போடுகிறேன், அது கத்தும்வரை பக்கத்திலேயே இருக்கிறேன்.