தினமும் நாலரை மணிக்குத் தீ

நான் நர்சிங் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதியோர் இல்லம் அதியமான்கோட்டையைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருந்தது. முன்னால் வேப்பமரம், நாலு சிமெண்ட் பெஞ்ச். அதில் யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. கிரில் கதவில் எப்போதும் பூட்டு.

"யாராச்சும் வுழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டா, அவங்க பசங்களுக்கு நீங்களா சிஸ்டர் பதில் சொல்லுவீங்க?" என்றார் மேனேஜர். நானும் தலையாட்டினேன்.

அங்கிருந்த பதினெட்டுப் பேரில் இஸ்மாயில் பாய் தருமபுரியில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். முழங்கால் மட்டும்தான் மோசம். "சிஸ்டர், அரை மணி நேரம் வெளிய உட்காரட்டுங்களா?" என்று தினமும் கேட்பார். "நாளைக்குப் பாக்கலாம் பாய்" என்பேன்.

ஒரு நாள் சாயங்காலம் நாலரைக்கு ஃபயர் டிரில் வைத்தோம். அலாரம் அடித்ததும் எல்லோரையும் வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். வீல்சேர், வாக்கர் எல்லாம் வெளியே வந்தன. காற்று வீசியது. லாரிகளைப் பார்த்தபடி எல்லோரும் ஒரே அரட்டை. திரும்ப உள்ளே கொண்டுவர ஒரு மணி நேரம் பிடித்தது.

மறுநாள் நாலரைக்கு அலாரம் அடித்தது; மறுபடி எல்லோரும் வேப்பமரத்தடிக்கு. அதற்கடுத்த நாளும் அதே நாலரைக்கு. சுவிட்சுக்குப் பக்கத்தில் பாய் நின்றிருந்தார்.

"பொகை வாசம் அடிச்சிச்சுங்க. வயசான மூக்கு, தப்பாக்கூட இருக்கலாம்."

மறுநாள் காலையில் மேனேஜர் அலாரம் ஒயரைப் பிடுங்கிவிட்டு பாயின் மகனுக்குப் போன் போட்டார். "இன்னொரு தடவை பண்ணா உங்கப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க." மகன் குடும்பம் இருந்தது பெங்களூரில், ஒற்றை அறையில். பாய் மத்தியானம் சாப்பிடவில்லை.

அன்று நாலரைக்கு பாய் வாயே திறக்கவில்லை. மற்ற பதினேழு பேரும் ஜன்னலோரம் கூடி "தீ! தீ!" என்று கத்தினார்கள். அவர்களில் கன்னடக்காரரான கெம்பம்மா "பெங்கி! பெங்கி!" என்றார்.

ஹைவேயில் இரண்டு லாரிகள் நின்றன. டிரைவர்கள் தண்ணீர்க் கேனும் இரும்பு ராடுமாக ஓடிவந்தார்கள். மேனேஜர் சாவியைத் தேடி எடுப்பதற்குள் பூட்டை உடைத்துவிட்டார்கள்.

"எங்கங்க தீ?"

"தீயெல்லாம் இல்லப்பா. கொஞ்சம் வெளிய உட்காரணும்" என்றார் கெம்பம்மா.

டிரைவர் மேனேஜரைப் பார்த்தார். "என்னா தப்புங்க பண்ணாங்க, இப்படிப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

டிரைவர்களே வீல்சேர்களை வெளியே தள்ளிவந்தார்கள்.

மறுநாளே டூட்டி சார்ட்டில், நாலரை முதல் ஆறு வரை கதவு திறந்திருக்கும், கூட ஊழியர் இரண்டு பேர் இருப்பார்கள் என்று எழுதி நீட்டினேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பாயை யாரும் அனுப்பவில்லை.

அதன் பிறகு பழைய கேஸ் ஷீட்களைப் புரட்டினேன். பாயின் தாளில், நோய்க்குறிகளுக்கான கட்டத்தில், "வெளியே போகக் கேட்டுத் தொந்தரவு செய்கிறார்" என்று பல நாள் எழுதியிருந்தது. எல்லாம் என் கையெழுத்து. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தக் கட்டத்தில் அதை எழுதாதீர்கள் என்பதுதான்.