மெசேஜ் பாத்தீங்களா?

'டொய்ங்...'

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மெசேஜ் வந்து விழும் சத்தம். அது அடங்குவதற்குள் மேஜையில் போன் அடிக்கும். எடுத்தால், "இப்பதான் ஒரு மெசேஜ் போட்டேன், பாத்தீங்களா?"

திருச்சியில் ஓர் அரசு அலுவலகம். நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கசங்கி வந்து சேருவேன். விதை, உரம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று தொட்டியம், துறையூர் என மாவட்டம் முழுக்கக் கேட்டு வாங்குவதுதான் காலை நேர வேலை.

அப்போது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஆபீஸ் விஷயங்களை வெளிநாட்டுக் கம்பெனிகளின் மெசெஞ்சரில் பேசக் கூடாது. ஓப்பன் சோர்ஸ் சாட் ஒன்றை நம் சர்வரிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். காசு கிடையாது. உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யாரும் திறந்து பார்க்கலாம், வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் சூப்பிரண்டெண்ட் சாருக்கு இதில் நம்பிக்கையே இல்லை.

"சும்மா குடுக்கறான்னா உள்ள என்னமோ வச்சிருப்பாம்மா..."

அவர் நம்பாததால் ஒரு வழக்கம் வந்தது. மெசேஜ் அனுப்புவோம். உடனே போன் போட்டு "பாத்தீங்களா?" என்று கேட்போம். "பாத்தேன்" என்றதும் அந்த மெசேஜை பிரிண்ட் எடுத்து, 'போனில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைப்போம். ஒரு வேலை மூன்று வேலையானது. நாங்களும் சளைக்காமல் செய்தோம்.

எல்லா ஊரிலும் போனை எடுத்தார்கள். துறையூரில் மட்டும் எடுப்பதில்லை.

அங்கே வசந்தா மேடம் என்று ஒரு கிளார்க். நான் நேரில் பார்த்ததில்லை. மற்றவர்கள் காலையிலேயே கிராமங்களுக்குப் போய்விடுவதால் ஆபீஸில் அவர் ஒருவர்தான் இருப்பார். மணி அடித்து அடித்து ஓயும். ஒரு நாள் எரிச்சலில் சாரிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன்.

"எல்லாரும் எடுக்கறாங்க சார், துறையூர் மேடம் மட்டும் போனைத் தொடவே மாட்டேங்கறாங்க!"

மறுநாளே மெமோ. ஏழு நாளில் தகுந்த பதில் தராவிட்டால் சீட்டை மாற்றிவிடுவோம் என்று. அதை டைப் அடித்ததும் நான்தான்.

அது போய்ச் சேர்ந்த மறுநாள், சாட் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க என்னைத் துறையூருக்கு அனுப்பினார்கள்.

வாசலில் நுழையும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, எனக்கு முதுகைக் காட்டி ஓர் அம்மா. "மேடம்" என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் திருச்சி மெசேஜ் ஒன்று விழுந்தது. விரல்கள் பறந்தன. நெல் விதை இவ்வளவு, உளுந்து இவ்வளவு என்று பதில் போய்விட்டது.

பக்கத்தில் போன் இன்னும் அடித்துக்கொண்டேயிருந்தது.

முன்னால் போய் நின்று யார் என்று சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா... எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பாத்துப் புரிஞ்சுப்பேன். விவசாயிங்க எல்லாம் எதிர்லதான் நிப்பாங்க. போன்லதான் உதடு தெரியாதே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"சொன்னா ரெக்கார்டு ரூம்ல உக்கார வச்சிருவாங்க. இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. இந்த மெசேஜ் வந்தப்போ, சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு நெனச்சேன். அதுக்கப்புறமும் போன் பண்ணுவீங்கன்னு யாரு கண்டா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெமோவுக்குக் காரணம் நான்தான் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர்தான் எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே முடிவு செய்தேன். ஒருவர் மெசேஜைத் திறந்ததும், அனுப்பியவர் திரையில் 'பார்த்தாச்சு' என்று, பார்த்த நேரத்தோடு வர வேண்டும். அவ்வளவுதான். இன்று குழந்தைக்கும் தெரிந்த சமாச்சாரம். எங்கள் சாட்டில் அது இல்லை. கம்பெனியிடம் வாங்கிய சாஃப்ட்வேராக இருந்தால் எழுதிப் போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இதை நானே திறந்து கை வைக்க முடிந்தது.

வைத்த கை சும்மா இருக்குமா? நடுவில் ஒரு நாள் காலை, யார் மெசேஜ் அனுப்பினாலும் சூப்பிரண்டெண்ட் பெயரில் போனது. அன்றைக்கு மட்டும் எல்லா ஊரிலிருந்தும் பதில் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது...

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது சரியாக வேலை செய்தது. சாரையே ஒரு மெசேஜ் போடச் சொன்னேன். துறையூரிலிருந்து சட்டென்று 'பார்த்தாச்சு'. கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அப்ப போன் வேண்டாங்கறியா?"

"வேண்டாம் சார். துறையூர்தான் எப்பவும் முதல்ல பாக்கறாங்க."

கண்ணாடியை இறக்கினார். பிறகு, "அந்த மெமோவை முடிச்சு விட்டுடும்மா" என்றார். வசந்தா மேடம் அதே சீட்டிலிருந்துதான் ரிடையர் ஆனார்.

இப்போது அரசாங்கச் சாட் கைபேசிக்கே வந்துவிட்டது. புதிதாகச் சேருபவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் யாரையும் போனில் கூப்பிடுவதில்லை. நானும்தான்.

போன மாதம் ஒரு வேலையாகத் துறையூர் போனபோது மேடம் வீட்டுக்குப் போனேன். காதில் மெஷின் வைத்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்துக்கே எட்டிப் பார்த்துவிட்டார்.

"இப்ப எல்லாம் கேக்குதும்மா. கொசு பறந்தாக்கூடக் கேக்குது. போன்தான் அடிக்க மாட்டேங்குது. பொண்ணு, பழைய ஆபீஸ்காரங்க... எல்லாரும் மெசேஜ்தான் போடறாங்க. எனக்கு இன்னும் கேக்காதுன்னே நெனச்சுட்டு இருக்காங்க போல."

ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். சொல்வதற்கு விஷயம் ஒன்றும் இல்லை... முக்கால் மணி நேரம் பேசினோம்.