ஹீட்டர் போட்ட டாக்ஸி

என் வீட்டுக்காரரை வாயில்லாப் பூச்சி என்று தெருவே சொல்லும். அந்தப் பூச்சி வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கடித்தது. கடிபட்டவன் என் தம்பி.

தம்பி கார் மெக்கானிக். எங்கள் மகளின் பிறந்தநாளன்று வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, "எங்க மாப்ளே நாலு வண்டியக் கெடுத்துத்தான் ஒரு வண்டியக் கத்துக்கிட்டாரு" என்றார் இவர். சிரிக்கத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். அதன்பிறகு இரண்டு வருஷம் என் வாசல்படியை மிதிக்கவில்லை. பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்ததே அவன்தான். நான் அழுதால் இவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

பிறகு ஒருநாள் இவருடைய டாக்ஸியில் ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார் எரிந்துபோனது. வழியில் எத்தனையோ ஒர்க்‌ஷாப் இருக்க, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தம்பியின் ஷெட்டுக்கே போனார். மன்னிப்புக் கேட்கவெல்லாம் இவருக்கு வராது. "மாப்ளே, ஃபேன் சுத்தல" என்றாராம். "விடுங்க மாமா, பாத்துக்கலாம்" என்றானாம் அவன். புது மோட்டார் மாட்டிவிட்டு, சாயங்காலம் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தார்கள். நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் பேசினேன்.

அந்த வாரமே வண்டி கொதிக்க ஆரம்பித்தது. ஓடும்போது ஒன்றுமில்லை. நெரிசலில் நின்றால் போதும், சூடு காட்டுகிற முள் மேலே ஏறிவிடும். தம்பி தெர்மோஸ்டாட்டை மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான். வாட்டர் பம்பை மாற்றினான். எஞ்சின் மூடிக்கு அடியில் இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று எஞ்சினையே பிரித்துப் பரப்பினான். ஒவ்வொரு தடவையும், "புடிச்சிட்டேன் மாமா, இதுதான்" என்பான். ஒவ்வொரு தடவையும் வண்டி மறுபடி ஆவி விடும். ஃபேனைப் பார்க்காமல் இல்லை. பார்த்தான். அது ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

சூடு ஏறினால் உள்ளே ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுங்கள், கொஞ்சம் அந்த வழியாக இறங்கும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஹீட்டர் போட்டு ஓடிய டாக்ஸி உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். மனுஷராக ஏறியவர்கள் அவித்த கிழங்காக இறங்கினார்கள். ஏறியவர் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. பட்டப்பகலில் இவர் சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் நானே வாயைத் திறந்தேன். "வேற எங்கயாவது ஒரு தடவ காட்டுங்களேன்."

"காட்டுனா உன் தம்பி வருவானா?"

வரமாட்டான். வண்டியும் வேண்டும், தம்பியும் வேண்டும். இரண்டையும் ஒரே பானட்டுக்குள் வைத்துப் பூட்டியாகிவிட்டது, யாரை நொந்துகொள்வது?

ஒருநாள் ஏசி ரிப்பேர் செய்கிற ஒருவர் வண்டியில் ஏறியிருக்கிறார். பாதி வழியில் வழக்கம்போலக் கொதித்தது. இவர் எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்துவைத்து, ஓரமாக நின்றார். பொறுமையில்லாமல் வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த அந்த மனிதர் சட்டென்று நின்றார்.

"என்னங்க இது, முன்னால நிக்கிறவன் மேல அனலடிக்குது? ஃபேன் காத்த உள்ளல்ல இழுக்கணும்!"

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ரேடியேட்டருக்கு முன்னால் பிடித்தார். ஒட்டிக்கொள்ள வேண்டிய காகிதம் பறந்து ரோட்டில் விழுந்தது. ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவர் மோட்டாரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் சொருகி, நீல டேப் சுற்றிக் கொடுத்தார்.

"எந்தப் புண்ணியவான் பாத்த வேலைங்க இது?"

"தெரியலீங்க" என்றாராம் இவர்.

எனக்குத் தெரியாதா? இரண்டு வருஷப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டே கவனமில்லாமல் மாட்டியிருப்பான். சிரிப்பும் வந்தது, தெரிந்தால் மறுபடி எழுந்து போய்விடுவானே என்று பயமும் வந்தது. அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்று இருவரும் முடிவு செய்தோம். அதன்பின் வண்டி ஐஸ் மாதிரி ஓடியது. "சொன்னேன்ல, கேஸ்கெட்தான்! அது ஒக்காரக் கொஞ்ச நாளாகும்!" என்று தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். நாங்கள் பூம்பூம் மாடாகத் தலையை ஆட்டினோம்.

ஆயில் மாற்ற வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோன அன்று நானும் உடன் போயிருந்தேன். தம்பி பானட்டைத் தூக்கியவன் அப்படியே குனிந்து பார்த்தான்.

"யாரு மாமா இதுல கை வச்சது? சிவப்புல கறுப்பும் கறுப்புல சிவப்பும் சொருகியிருக்கு! எவனோ வெளயாடியிருக்கான். நல்லவேள, பாத்தேன்."

டேப்பை உரிக்க ஆரம்பித்தான். இவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் இவர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா இருந்தால் மறுபடி ஹீட்டர், மறுபடி ஆவி. பேசினால் தம்பி இல்லை.

"விடுடா" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும். அதுதான் சரி."

அவன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து சிவப்புக்குச் சிவப்பாக நேராக இணைப்புக் கொடுத்து, முன்னால் கையை வைத்துப் பார்த்தான். ஒயர்களை மாற்றிக் கொடுத்து இன்னொரு தடவை பார்த்தான்; இப்போதுதான் காற்றை உள்ளே இழுத்தது.

"மோட்டார்லயே கலர் மாறி வந்திருக்கு" என்றான் மெதுவாக. "நான் சிவப்புக்கு சிவப்புதான் கொடுத்தேன்."

அவன் மேல் தப்பே இல்லை. எனக்கு உயிர் வந்தது, சிரிக்கக்கூட வாயெடுத்தேன்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

நான் இவரைப் பார்த்தேன்.

"கேஸ்கெட்தான்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, அப்பவே தெரியுமா?"

"இல்ல மாப்ளே, நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்..." என்று இவர் இழுத்தார்.

தம்பி மறுபடி பானட்டுக்குள் குனிந்தான். ஒயர்களை ஏசிக்காரர் சொருகியிருந்தபடியே சொருகிப் புது டேப் சுற்றினான். ஆயிலை மாற்றினான். பானட்டை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு, சாவியை இவரிடம் நீட்டினான்.

"வண்டி ரெடி, சார்."

இவர் வாங்கிக்கொண்டார். வேறு என்ன செய்வார்.